ஜெயில்பிரேக் போனுக்குச் செயலி எழுதுவது: உள்ளே நடப்பது என்ன?

புரோகிராமிங் கற்கத் தொடங்கிய ஓர் இளைஞர் "ஜெயில்பிரேக் செய்த, அதாவது ஆப்பிள் போட்ட பூட்டுகளைத் தளர்த்திய, ஐபோனுக்குச் செயலி எழுதப்போகிறேன்" என்று சொன்னால் மூன்று விதமான பதில்கள் வரும். ஒருவர் அது சட்டவிரோதம் என்பார். இன்னொருவர் அதெல்லாம் எப்போதோ முடிந்துபோன கதை என்பார். மூன்றாமவர், இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று கற்க அதைவிட நல்ல வழி இல்லை என்பார். ஒருவர் மனதில் இருப்பது திருட்டுச் செயலிகள், இன்னொருவர் மனதில் இருப்பது சந்தை, மற்றவர் மனதில் இருப்பது ஒரு தொழில்நுட்பம். மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: ஜெயில்பிரேக் உலகில் எழுதப்படுவதில் பெரும்பகுதி செயலியே இல்லை. அதற்கு ட்வீக் என்று பெயர். தனியாக ஓடும் நிரல் அது இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொருவருடைய நிரலுக்குள் புகுந்து, அதன் நடத்தையில் ஒரு சிறு பகுதியை மாற்றிவிடும் துண்டு. செயலி எழுதத் தெரிந்தவர் எல்லோருக்கும் ட்வீக் எழுத வராது. ட்வீக் எழுதுபவர் நல்ல செயலி எழுதுவார் என்ற உறுதியும் இல்லை.

## பூட்டு எங்கே இருக்கிறது

ஐபோனில் நம் விருப்பப்படி ஒரு நிரலை ஓட்ட முடியாமல் தடுப்பவை முக்கியமாக மூன்று.

1. கையொப்பம். ஆப்பிள் ஏற்கும் சான்றிதழால் கையொப்பமிடப்படாத நிரலை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் ஓடவிடாது. சொந்தமாக எழுதிய செயலியைச் சொந்த போனில் போட்டுப் பார்க்க ஓர் இலவச ஆப்பிள் கணக்கு போதும், ஆனால் அந்தக் கையொப்பம் 7 நாளில் காலாவதியாகும். ஓர் ஆண்டு நிலைக்க வேண்டுமானால், ஆப் ஸ்டோரில் வெளியிட வேண்டுமானால், ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் டெவலப்பர் கணக்கு வேண்டும்.

2. சாண்ட்பாக்ஸ். ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனி அறை. தன் கோப்புகளைத் தவிர மற்றவற்றைப் பார்க்க முடியாது. தொடர்புகள், படங்கள், கேமரா எதைத் தொட்டாலும் அனுமதி கேட்க வேண்டும்.

3. ரூட் அதிகாரமும் சிஸ்டம் பகுதியும். ரூட் என்பது எதையும் மாற்றக்கூடிய உச்ச அதிகாரம். செயலிகள் அதிகாரம் குறைந்த ஒரு பயனராகவே ஓடுகின்றன. இயங்குதளம் இருக்கும் பகுதியைப் படிக்கலாம், எழுத முடியாது. ஐஓஎஸ் 15லிருந்து அந்தப் பகுதி முழுவதும் குறியாக்க முத்திரையால் மூடப்பட்டிருக்கிறது. ஒரு பைட் மாறினாலும் முத்திரை பொருந்தாது.

இந்த மூன்றையும், உற்பத்தியாளர் அனுமதியில்லாமல், ஏதோ ஒரு பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தித் தளர்த்துவதுதான் ஜெயில்பிரேக். சிம் அன்லாக் இதில் சேராது. அது ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி கட்டப்பட்ட போனை வேறு சிம்முக்குத் திறப்பது. ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி போடும் சைட்லோடிங்கும் இதில் சேராது, ஏனென்றால் அப்போதும் கையொப்பமும் சாண்ட்பாக்ஸும் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் ரூட் செய்வது இதன் ஒன்றுவிட்ட சகோதரன். பிக்சல் போன்ற சில போன்களில், இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரைத் திறக்க உற்பத்தியாளரே வழி வைத்திருக்கிறார், திறந்தால் போனிலிருக்கும் தரவு முழுதும் அழிந்துவிடும், அவ்வளவுதான். அங்கே ஓட்டை தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

## செயலிக் கடைக்கு முன்பே வந்தது

2007 ஜூன் 29 அன்று ஐபோன் விற்பனைக்கு வந்தபோது அதில் ஆப் ஸ்டோர் இல்லை. வெளியாட்கள் செயலி எழுத வேண்டுமானால் சஃபாரிக்குள் ஓடும் வலைச்செயலியாக எழுதிக்கொள்ளலாம் என்பதே ஆப்பிளின் நிலை. சில வாரங்களிலேயே போனின் கோப்பு அமைப்புக்குள் புகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கோடையிலேயே வெளியாட்கள் எழுதிய செயலிகள் ஓட ஆரம்பித்தன, அவற்றை நிறுவ 'இன்ஸ்டாலர்' என்ற ஒரு செயலியும் வந்தது. அக்டோபரில்தான் டெவலப்பர்களுக்கான கருவித் தொகுப்பு வெளிவரும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். அது 2008 மார்ச்சில் வந்தது. ஆப் ஸ்டோர் திறந்தது 2008 ஜூலை 10 அன்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, பிப்ரவரியில், சௌரிக் என்ற பெயரில் எழுதும் ஜே ஃப்ரீமன், ட்வீக்குகளைத் தேடி நிறுவ உதவும் சிடியா என்ற செயலியை வெளியிட்டுவிட்டார்.

சிடியாவைப் 'பைரசிக் கடை' என்று நினைப்பவர்கள் அதன் உள்ளமைப்பைப் பார்த்ததில்லை. லினக்ஸ் உலகில் டெபியன் இயங்குதளம் நிரல்களை நிறுவப் பயன்படுத்தும் அதே ஏபிடி, டிபேக்கேஜ் கருவிகளை அவர் ஐபோனுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ட்வீக்கும் ஒரு டெப் கோப்பு (நிறுவல் பொட்டலம்), ஒவ்வொரு வெளியீட்டாளருக்கும் ஒரு ரெபோ (அந்தப் பொட்டலங்களின் இணையக் கிடங்கு), எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற கணக்கு. இன்று சிலியோ, ஸீப்ரா என்று வேறு முகப்புகள் இருந்தாலும் அடியில் ஓடுவது இதே அமைப்புதான்.

## எல்லா ஜெயில்பிரேக்கும் ஒன்றல்ல

போனை அணைத்து மீண்டும் இயக்கினால் என்ன ஆகும் என்பதை வைத்து நான்கு வகை சொல்வார்கள்.

- அன்டெதர்டு: போன் மறுபடி எழும்போதே ஜெயில்பிரேக்கும் எழுந்துவிடும். ஐஓஎஸ் 9க்குப் பிறகு இது அபூர்வம்.
- செமி-அன்டெதர்டு: போன் சாதாரணமாக எழும். அதிலுள்ள ஒரு செயலியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் ஜெயில்பிரேக் திரும்ப வரும். டோபமைன், அன்கவர் எல்லாம் இந்த வகை.
- செமி-டெதர்டு: போன் சாதாரணமாக எழும், ஜெயில்பிரேக் வேண்டுமானால் கணினியில் செருகியாக வேண்டும்.
- டெதர்டு: கணினி இல்லாமல் போனே எழாது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஓட்டை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதிலிருந்து. கர்னலில் இருக்கும் ஓட்டையை அடுத்த அப்டேட்டில் ஆப்பிள் அடைத்துவிடும். பூட்ரோமில் இருந்தால் அடைக்க முடியாது, ஏனென்றால் அது சிப்பைத் தயாரிக்கும்போதே உள்ளே பதிக்கப்படும் நிரல். 2019 செப்டம்பரில் ஆக்ஸிமெக்ஸ் என்ற புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட செக்மேட் அப்படிப்பட்டது. ஏ5 முதல் ஏ11 வரையான சிப்கள், அதாவது ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் வரை, அதன் வலையில் விழுந்தன. யுஎஸ்பி வழியே கணினியில் செருகி, இயங்குதளம் ஏறாத டிஎஃப்யூ நிலைக்குக் கொண்டுபோனால்தான் அது வேலை செய்யும், போனை அணைத்தால் மறைந்துவிடும். அதனால் தொலைவிலிருந்து யாரும் அதை வைத்துத் தாக்க முடியாது. கற்றுக்கொள்பவருக்கோ அது பெரிய வரம். அந்தப் போன் எந்த ஐஓஎஸ் பதிப்பில் இருந்தாலும் ஓட்டை அங்கேயேதான் இருக்கும்.

ஓட்டை கண்டுபிடிப்பதும் ட்வீக் எழுதுவதும் வேறு வேறு தொழில்கள். முதலாவதைச் செய்பவர்களை உலகம் முழுக்க எண்ணிவிடலாம். இரண்டாவதைச் செய்ய அவர்கள் திறந்துவைத்த வாசல் வழியே நுழைந்தால் போதும். புதிதாக வருபவர்கள் பலர் நேராகக் கர்னல் ஓட்டை தேடக் கிளம்பி, சில மாதங்களில் சலித்துப்போய் விலகுகிறார்கள். வரிசை தப்பினால் அப்படித்தான்.

## ட்வீக்கின் இதயம்: ஹூக்

ஐபோன் இடைமுகத்தின் பெரும்பகுதி ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் வளர்ந்தது. அந்த மொழியின் ஒரு குணம்தான் ட்வீக் என்ற கலையையே சாத்தியமாக்கியது.

சி மொழியில் ஒரு செயற்கூறை அழைத்தால், நிரல் நேராக அதன் முகவரிக்குத் தாவும். ஆப்ஜெக்டிவ்-சியில் அப்படியில்லை. "இந்தப் பொருளுக்கு இந்தப் பெயரில் ஒரு செய்தி" என்று ரன்டைமிடம், அதாவது நிரல் ஓடும்போது கூடவே இருந்து உதவும் மொழியின் பகுதியிடம், ஒப்படைக்கப்படுகிறது. ரன்டைம் அந்த வகுப்பின் அட்டவணையைத் திறந்து, அந்தப் பெயருக்கு நேரே எந்த முகவரி இருக்கிறதோ அங்கே போகும். அட்டவணை நினைவகத்தில் இருக்கிறது, நிரல் ஓடும்போதே அதைத் திருத்தலாம். தொலைபேசிப் புத்தகத்தில் ஒருவர் பெயருக்கு நேரே நம் எண்ணை எழுதிவிட்டு, அவருடைய பழைய எண்ணை நாம் குறித்துவைத்துக்கொள்வது மாதிரி. இனி அவரை அழைப்பவர்கள் எல்லோரும் நம்மிடம் வருவார்கள். நாம் ஏதாவது செய்துவிட்டு, விரும்பினால் பழைய எண்ணுக்கு இணைப்பு கொடுக்கலாம். இதற்குத்தான் ஹூக் என்று பெயர்.

இதை ஒழுங்காகச் செய்யும் நூலகமாக முதலில் வந்தது ஃப்ரீமனின் மொபைல் சப்ஸ்ட்ரேட். இப்போது எல்லிகிட் போன்றவை அந்த இடத்தில் இருக்கின்றன. மேலே தியோஸ் என்ற கட்டுமானக் கருவி. ஹூக் எழுதுவதைச் சில வரிகளாகச் சுருக்கும் லோகோஸ் என்ற சுருக்கெழுத்து அதோடு வருகிறது.

முதல் ட்வீக்காக எல்லோரும் எழுதுவதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். போன் எழுந்ததும் திரையில் ஒரு வணக்கம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முகப்புத் திரையை நடத்தும் நிரலின் பெயர் ஸ்பிரிங்போர்டு. அது எழுந்து முடிந்ததும் அதற்கு 'தொடங்கி முடிந்தது' என்ற பொருளில் ஒரு மெதட் (வகுப்புக்குள் இருக்கும் செயற்கூறு) அழைக்கப்படும். அந்த மெதடைத்தான் ஹூக் செய்கிறோம். லோகோஸில் நான்கு பகுதிகள்: எந்த வகுப்பு என்று சொல்லும் ஹூக் வரி, மெதடின் பெயர், 'ஒரிஜ்' என்ற ஒரே சொல், பிறகு செய்திப் பெட்டியைக் காட்டும் நம் வரிகள்.

அந்த 'ஒரிஜ்'தான் பழைய எண்ணுக்குக் கொடுக்கும் இணைப்பு. அதை விட்டுவிட்டால் ஸ்பிரிங்போர்டு தன் தொடக்க வேலைகளைச் செய்யாமலே எழ முயலும். சின்னங்கள் வராது, அல்லது நொறுங்கிவிழும். விழுந்ததை இயங்குதளம் உடனே மறுபடி எழுப்பும். எழுந்ததும் ட்வீக் மறுபடி ஏறும். மறுபடி விழும். இந்தச் சுழலை உடைக்கத்தான் சேஃப் மோட்: ட்வீக் எதையும் ஏற்றாமல் ஸ்பிரிங்போர்டை மட்டும் எழுப்பி, கோளாறான ட்வீக்கை நீக்க வாய்ப்பளிக்கும் நிலை. ட்வீக் எழுதுபவருக்கு அது அலுவலக அறை மாதிரி பழகிவிடும்.

இன்னொரு சிறு கோப்பு இருக்கிறது, பலர் கவனிக்காமல் கடந்துபோவது: வடிகட்டி. இந்த ட்வீக் எந்த நிரல்களுக்குள் ஏற வேண்டும் என்று அதில்தான் எழுதுவார்கள். ஸ்பிரிங்போர்டின் அடையாளப் பெயரை எழுதினால் அதற்குள் மட்டும் ஏறும். சோம்பலில் யூஐகிட் என்று எழுதிவிட்டால், திரையில் எதையாவது காட்டும் எல்லாச் செயலிகளுக்குள்ளும் ஏறும். வங்கிச் செயலி உட்பட. தாறுமாறாக நொறுங்கும் போன்களைப் பார்த்தால், இந்த ஒரு வரியில் காட்டிய அலட்சியம் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

## மூலநிரல் இல்லாமல் படிப்பது

வணக்கம் காட்டுவது சுலபம், ஏனென்றால் எந்த மெதட் என்று ஏற்கெனவே தெரியும். உண்மையான வேலை அதற்கு அடுத்தது. பூட்டுத் திரையில் கடிகாரத்தை இடம் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த வகுப்பு அதை வரைகிறது? ஆப்பிள் அதற்கு எந்த ஆவணமும் தராது.

இங்கேயும் ஆப்ஜெக்டிவ்-சி கைகொடுக்கிறது. பெயரை வைத்து அழைக்கும் மொழி என்பதால், தொகுத்து முடித்த நிரலுக்குள்ளும் வகுப்புகள், மெதடுகள் ஆகியவற்றின் பெயர்கள் அப்படியே இருக்கும். கிளாஸ்-டம்ப் என்ற கருவி அவற்றை உருவித் தலைப்புக் கோப்புகளாகத் தரும். அதில் ஆயிரக்கணக்கான பெயர்கள். 'எஸ்பி' என்று தொடங்கினால் ஸ்பிரிங்போர்டைச் சேர்ந்தது. 'எஸ்பிஐகான்வியூ' என்றால் முகப்புத் திரையின் சின்னம். பெயரைப் பார்த்து ஊகிப்பது, ஹூக் செய்து எப்போது அழைக்கப்படுகிறது என்று பதிவு செய்வது, ஊகம் தவறானால் அடுத்த பெயருக்குப் போவது. ட்வீக் எழுதுபவரின் நேரத்தில் பெரும்பகுதி இதில்தான் கரையும், எழுதுவதில் இல்லை.

அடுத்த ஐஓஎஸ் வந்ததும் இந்த உழைப்பில் ஒரு பங்கு வீணாகும். பூட்டுத் திரையின் வகுப்புகள் 'எஸ்பிடாஷ்போர்டு' என்ற தொடக்கத்தில் இருந்தவை, ஐஓஎஸ் 13ல் 'சிஎஸ்' என்ற தொடக்கத்துக்கு மாறின. அதைத் தொட்ட ட்வீக்குகள் எல்லாம் ஒரே நாளில் செயலிழந்தன. ஆப்பிள் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை. அவை ஆவணப்படுத்தப்படாத உள்பெயர்கள், மாற்ற அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஸ்விஃப்ட் மொழியில் எழுதப்படும் பகுதிகள் கூடக்கூட இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஸ்விஃப்டில் பல அழைப்புகள் அட்டவணையைப் பார்க்காமல் நேராக முகவரிக்கே போகும், சில செயற்கூறுகள் தொகுக்கும்போதே அழைத்த இடத்தில் கரைந்துவிடும். திருத்த அட்டவணையே இல்லாத இடத்தில் ஹூக் எங்கே போடுவது? அங்கே இயந்திர மொழி அளவில் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

## கற்கும் வரிசை

1. சி மொழியும் நினைவகமும். பாயின்டர் என்றால் என்ன, ஸ்டாக் எது, ஹீப் எது என்று தெரியாமல் ஹூக் எழுதினால் மந்திரம் ஓதுவதாகத்தான் இருக்கும்.

2. சாதாரணச் செயலி ஒன்று. ஆப்பிளின் நிரல் எழுதும் கருவியான எக்ஸ்கோடில், சிமுலேட்டரில், எந்தப் பூட்டையும் உடைக்காமல். வியூ எப்படி அடுக்கப்படுகிறது, வியூ கன்ட்ரோலர் எப்போது உயிர்பெறுகிறது என்பதெல்லாம் இங்கேதான் பிடிபடும். இதைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம், பிறகு தலைப்புக் கோப்புகளைப் பார்த்து விழிப்பவர்களும் அவர்களே.

3. ஆப்ஜெக்டிவ்-சி. புதிய செயலிகள் எல்லாம் ஸ்விஃப்டில் எழுதப்படும் காலத்தில் இது பின்னோக்கிப் போவது மாதிரி தெரியும். ட்வீக்குக்கு இதைத் தவிர்க்க முடியாது.

4. டெர்மினல். வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் மூலம் போனுக்குள் நுழைவது, கோப்பு உரிமைகள், டெப் கோப்பின் அமைப்பு.

5. தியோஸில் ஒரு சிறு ட்வீக், பிறகு திறந்த மூலமாகக் கிடைக்கும் பிறருடைய ட்வீக்குகள். படிப்பதற்கு அவற்றைவிட நல்ல பாடநூல் இல்லை.

6. நொறுங்கல் பதிவுகள். எந்த இழையில், எந்த நூலகத்தில், எந்த முகவரியில் விழுந்தது என்று படிக்கப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பேக்கேஜ் செய்யும்போது ரூட்ஃபுல், ரூட்லெஸ் என்று இரண்டு சொற்கள் எதிர்ப்படும். சிஸ்டம் பகுதி முத்திரையிடப்பட்ட பிறகு, ஜெயில்பிரேக் கோப்புகளை அங்கே எழுதுவது கைவிடப்பட்டு, 'வார்' அடைவின் கீழ் 'ஜேபி' என்ற ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதுதான் ரூட்லெஸ். சிஸ்டம் பகுதியிலேயே எழுதும் பழைய முறை ரூட்ஃபுல். பழைய ட்வீக் ஒன்றில் கோப்புப் பாதை நேரடியாக எழுதப்பட்டிருந்தால் புதிய முறையில் அது எதையும் கண்டுபிடிக்காது. பல பழைய ட்வீக்குகள் இதனால்தான் மறுபடி தொகுக்கப்படும்வரை முடங்கிக் கிடந்தன.

தனிச் செயலியே எழுத விரும்புபவருக்கும் இங்கே இடமுண்டு. ஃபில்ஸா என்ற கோப்பு மேலாளர் அதற்கு எடுத்துக்காட்டு: சாண்ட்பாக்ஸ் இல்லாமல், போனின் எல்லா அடைவுகளையும் திறந்து காட்டும். வழக்கமான யூஐகிட் நிரல்தான், எல்டிஐடி என்ற கருவியால் போலிக் கையொப்பமும் சிறப்பு உரிமைகளும் சேர்க்கப்பட்டது. 2022ல் வந்த ட்ரோல்ஸ்டோர், கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியிலிருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி, ஜெயில்பிரேக் இல்லாமலே சில ஐஓஎஸ் பதிப்புகளில் இப்படிப்பட்ட செயலிகளை நிரந்தரமாக நிறுவ வழி செய்தது.

ஆண்ட்ராய்டு பக்கம் போனாலும் அடிப்படைச் சிந்தனை மாறாது. 2012ல் வந்த எக்ஸ்போஸ்டும், அதன் வழித்தோன்றலான எல்எஸ்போஸ்டும் ஜாவா மெதடுகளை ஹூக் செய்கின்றன. 2016ல் வந்த மேஜிஸ்க் சிஸ்டம் பகுதியைத் தொடாமலே ரூட் தருகிறது. மொழியும் கருவியும்தான் வேறு.

## பூட்டை உடைத்தால் காவலும் போகும்

சாண்ட்பாக்ஸும் கையொப்பமும் பயனரைக் கட்டுப்படுத்த மட்டும் வைத்தவை இல்லை. அவை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் போதும்.

2009 நவம்பரில் ஐகீ என்ற புழு, அதாவது தானாகவே பரவும் தீநிரல், பரவியது. ஜெயில்பிரேக் செய்தவர்களில் பலர் எஸ்எஸ்ஹெச் நிறுவிவிட்டு, எல்லா ஐபோன்களுக்கும் பொதுவான 'ஆல்பைன்' என்ற ரூட் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்தார்கள். புழு அந்தக் கதவு வழியே நுழைந்து, திரையின் பின்னணிப் படமாகப் பாடகர் ரிக் ஆஸ்ட்லியை வைத்துவிட்டு அடுத்த போனைத் தேடிப் போனது. எழுதியவர் ஆஸ்திரேலியாவில் 21 வயது இளைஞர். விளையாட்டாகச் செய்தது. அதே மாதத்தில் அதே வழியைப் பயன்படுத்தி, நெதர்லாந்தின் ஒரு வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த இன்னொரு புழு வந்தது. அது விளையாட்டு இல்லை.

2015ல் கீரெய்டர். ட்வீக்குகளுக்குள் ஒளித்துவைக்கப்பட்ட இந்தத் தீநிரல், ஜெயில்பிரேக் போன்களிலிருந்து 2,25,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் விவரங்களைத் திருடியது. பரவிய வழி, நம்பிக்கையான மூலமா என்று யாரும் பார்க்காத ரெபோக்கள்.

எழுதுபவர் பக்கம் இதிலிருந்து வரும் கடமைகள் உண்டு. டெப் கோப்பு நிறுவப்படும்போது அதிலுள்ள நிறுவல் ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தில் ஓடும். அதில் ஒரு தவறான அழிப்புக் கட்டளை இருந்தால் பிறர் போனில் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். தேவைக்கு மேல் ஸ்கிரிப்ட் வேண்டாம். வடிகட்டி குறுகலாக இருக்கட்டும். மூலநிரலைத் திறந்து வைத்தால் பயனர்கள் நம்ப ஒரு காரணம் கிடைக்கும்.

வங்கிச் செயலிகள் பல, ஜெயில்பிரேக் செய்த போனில் ஓட மறுப்பதும் இதனால்தான். அந்தச் சோதனையை ஏமாற்றும் ட்வீக்குகள் உண்டு. அந்தத் துரத்தல் விளையாட்டில் யாரும் நிரந்தரமாக ஜெயித்ததில்லை.

## சட்டம் என்ன சொல்கிறது

அதிகம் பேசப்படுவது அமெரிக்கச் சட்டம். 1998ன் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தில் 1201ஆம் பிரிவு, பதிப்புரிமையைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தடை செய்கிறது. அதே பிரிவு, மூன்றாண்டுக்கு ஒரு முறை விதிவிலக்குகள் வழங்க நாடாளுமன்ற நூலகருக்கு அதிகாரமும் தருகிறது. டிஜிட்டல் உரிமைகளுக்காக வாதாடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் கேட்டுக்கொண்டதன்பேரில் 2010 ஜூலையில் ஸ்மார்ட்போன் ஜெயில்பிரேக்குக்கு விதிவிலக்கு கிடைத்தது. 2012ல் புதுப்பிக்கப்பட்டபோது டேப்லட்டுகளுக்கு மறுக்கப்பட்டது, 2015ல் அவையும் சேர்க்கப்பட்டன.

இதில் பலரும் தவறவிடும் நுணுக்கங்கள்:

1. விதிவிலக்கு, முறைப்படி பெற்ற செயலிகளைப் போனில் ஓட வைப்பதற்காக உடைக்கும் செயலுக்குத்தான். காசு கொடுக்க வேண்டிய செயலியைத் திருடி ஓட்டுவதற்கு எந்தக் காலத்திலும் இல்லை.
2. உடைக்கும் கருவியை விநியோகிப்பது அதே பிரிவின் வேறு உட்பிரிவில் வருகிறது. மூன்றாண்டு விதிவிலக்கு அதைத் தொடுவதில்லை.
3. சட்டப்படி குற்றமில்லை என்றாலும், உற்பத்தியாளரின் உரிம ஒப்பந்தம் தனி. பழுதுபார்க்க மறுக்கலாம் என்று ஆப்பிள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

மற்ற நாடுகளில் சட்டம் வேறு. ட்வீக் எழுதுவது ஓட்டையை விற்பதும் இல்லை, பூட்டுடைக்கும் கருவி தயாரிப்பதும் இல்லை என்பதால், கற்றுக்கொள்பவர் நிற்கும் இடம் ஒப்பீட்டில் பாதுகாப்பானது. தன் சொந்த போனில் தான் எழுதியதை ஓட்டுபவரைத் தேடி யாரும் வந்ததாகக் கேள்விப்படுவதில்லை.

## வாசல் ஏன் குறுகியது

முதல் காரணம் வன்பொருள். ஐஓஎஸ் 9 காலத்தில் கர்னல் மாற்றப்பட்டிருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கும் காவல் வந்தது. ஏ10 சிப்பில் அந்தக் காவல் வன்பொருளுக்குள்ளேயே போனது. 2018ன் ஏ12 சிப்பில், முக்கியமான பாயின்டர்களுக்கு (நினைவக முகவரிகளுக்கு) ரகசியக் கையொப்பம் சேர்க்கும் முறை. ஐஓஎஸ் 17ல், நினைவகப் பக்க அட்டவணைகளைக் கர்னலிடமிருந்தே பிரித்துக் காக்கும் தனி அடுக்கு. இன்று கர்னலைப் பிடித்தாலும் வீடு பிடிபடாது, கூடத்தில் நிற்கலாம், அறைகளுக்கெல்லாம் தனிப் பூட்டு.

இரண்டாவது பணம். 2015ல், ஓட்டைகளை வாங்கி விற்கும் ஸீரோடியம் என்ற நிறுவனம், தொலைவிலிருந்து ஐஓஎஸ் 9ஐ உடைக்கும் வழிக்குப் பத்து லட்சம் டாலர் அறிவித்தது. 2019ல் ஆப்பிளே அதே அளவு வரை வெகுமதி தரத் தொடங்கியது, 2025ல் அதை இருபது லட்சமாக்கியது. அந்த விலை போகும் ஓட்டையை இலவசமாக வெளியிட எத்தனை பேருக்கு மனம் வரும்?

மூன்றாவது, தேவையே குறைந்தது. நகலெடுத்து ஒட்டுவது 2009ல், பின்னணியில் செயலி ஓடுவது 2010ல், அறிவிப்பு மையம் 2011ல், கன்ட்ரோல் சென்டர் 2013ல், மாற்று விசைப்பலகை 2014ல், திரைப்பதிவு 2017ல், முகப்பில் விட்ஜெட் 2020ல் என்று ஒவ்வொன்றாக ஐஓஎஸ்ஸுக்குள் வந்தன. இவற்றில் பல, அதற்கு முன்பே ட்வீக்காக இருந்தவை. 2018 டிசம்பரில் சிடியாவில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து, அங்கே மாற்றுச் செயலிக் கடைகளை ஆப்பிள் அனுமதித்தது.

ஆகவே, ட்வீக் விற்றுப் பிழைக்கலாம் என்று வருபவருக்கு இங்கே எதுவும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில்.

## இந்தத் திறமை எங்கே செல்லும்

2011ல் போனுக்கான அறிவிப்பு முறையை ட்வீக்காக எழுதிய ஒரு மாணவரை ஆப்பிள் வேலைக்கு எடுத்துக்கொண்டது. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே ஜெயில்பிரேக் ஆகும் ஜெயில்பிரேக்மீயின் பிற்காலப் பதிப்புகளை எழுதிய காமெக்ஸும் அதே ஆண்டு அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்தக் காலம் போய்விட்டது என்றாலும், மூலநிரல் இல்லாத நிரலைப் படித்து, ஓடும்போதே அதன் நடத்தையை மாற்றிப் பார்க்கும் திறமைக்கு மதிப்பு குறையவில்லை. மொபைல் செயலிகளின் பாதுகாப்பைச் சோதிப்பவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஃப்ரிடா என்ற கருவி செய்வதும் ஹூக்தான். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் மொபைல் சோதனை வழிகாட்டி, ஐஓஎஸ் சோதனைக்கு ஜெயில்பிரேக் செய்த கருவியையே பரிந்துரைக்கிறது. 2020லிருந்து ஆப்பிளும், பூட்டு தளர்த்திய சிறப்பு ஐபோன்களைத் தேர்ந்தெடுத்த ஆய்வாளர்களுக்குக் கொடுத்துவருகிறது.

தொடங்குபவருக்கு எந்தப் போன் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தினமும் கையில் வைத்திருக்கும் போன் கூடவே கூடாது. பழைய ஐபோன் 8 அல்லது ஐபோன் எக்ஸ் சரியாக இருக்கும்: ஏ11 சிப், செக்மேட் வேலை செய்யும், ஐஓஎஸ் 16க்கு மேல் அப்டேட் வராது, பலேரெய்ன் என்ற கருவி அதை ஆதரிக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சிப்பில் இந்த முறையில் ஜெயில்பிரேக் செய்தால் பாஸ்கோடை அணைத்தாக வேண்டும். ஐஓஎஸ் 16ல், போனை மீட்டமைத்த பிறகு ஒரு முறைகூட பாஸ்கோடு வைத்திருக்கக் கூடாது. பாஸ்கோடு இல்லாத போனில் சொந்தப் படங்களோ, முதன்மை ஆப்பிள் கணக்கோ, வங்கிச் செயலியோ இருக்கக் கூடாது. தனியாக ஒரு கணக்கு, வெறும் போன், கேபிள் ஒன்று. மற்றதெல்லாம் கணினிப் பக்கம்.